முப்பத்தொன்றிலிருந்து நாற்பது வரை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு புகார் மனுவிலிருந்து வந்தது. மனுவை எழுதியது நான். இதுவரை நான் எழுதிய பதினான்கு கதைகளும் சேர்ந்து ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. அந்த ஒரு பக்க மனு மட்டும் எங்கள் சுகாதார நிலையத்தையே புரட்டிப் போட்டுவிட்டது. இன்று அதன் மேல் விசாரணை. சுகாதார அலுவலகம், முதல் மாடி, மூடிய கதவுக்கு வெளியே ஒரு பெஞ்ச். மணி ஒன்பது பத்து. பத்து மணிக்குத்தான் கூப்பிடுவார்களாம். கை சும்மா இருக்க வேண்டாமே என்று செல்போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: “மீசையை முறுக்கியபடி அந்தப் பென்ஷன்காரர் புகார் எழுத உட்கார்ந்தார்.”

(அடித்துவிட்டேன். எனக்கு மீசை கிடையாது. இருபத்துமூன்று வயதுப் பெண். பழியை அப்படியே ஒரு பெரியவர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: “சிஸ்டரின் கோட்டுப் பையில் எப்போதும் பத்து டோக்கன்கள் இருந்தன.”

இது தேவலாம். இப்படியே போவோம்.

3

சிஸ்டரின் கோட்டுப் பையில் எப்போதும் பத்து டோக்கன்கள் இருந்தன. டாக்டர் ஒரு நாளைக்கு நாற்பது பேரைத்தான் பார்ப்பார். காலை எட்டு மணிக்கு டோக்கன். முந்தி வருகிறவர்களுக்கு முந்திய எண். போர்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. சிஸ்டர் முப்பது வரை கொடுப்பார், “தீர்ந்துபோச்சு” என்பார், மீதியைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

பத்தரைக்கு மேல் சிலர் வருவார்கள். கட்டடம் கூட்டுகிறவர்கள், வீட்டுவேலை முடித்து வருகிறவர்கள். அதில் ஒரு அக்காவுக்குப் பெயரே பத்தேமுக்கால். மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரைக்கு வருவார். கடிகாரம் தப்பினாலும் அவர் நேரம் தப்பாது.

அன்றைக்கு முப்பத்தொன்றாவது ஆளாக நின்றது என் அம்மா. சர்க்கரை டெஸ்ட், வெறும் வயிறு.

“தீர்ந்துபோச்சும்மா.”

“கொஞ்சம் உக்காந்து பாப்போம்டி. யாராவது ஒருத்தர் வராமலா போயிடுவாங்க?” என்றாள் அம்மா.

உட்கார்ந்தோம். பத்தே முக்காலுக்கு அந்த அக்கா வந்தார். பைக்குள்ளிருந்து ஒரு டோக்கன் வெளியே வந்தது. முப்பத்திநான்கு.

“இது என்ன நியாயம் சிஸ்டர்?”

“நியாயந்தாம்மா. விளக்கிட்டு நிக்க இப்ப நேரமில்ல.”

அம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். அந்தச் சூட்டிலேயே எழுதினேன்.

(சிஸ்டர் அந்த நிமிடம் மனசுக்குள் என்ன நினைத்தார் என்று இங்கே ஒரு பத்தி வர வேண்டும். எனக்குத் தெரியாது. புகார்ப் படிவத்தில் ‘யார்’, ‘எப்போது’, ‘என்ன’ என்று கட்டங்கள் இருந்தன. ‘ஏன்’ என்று ஒரு கட்டம் இல்லை. நானும் தேடவில்லை.)

4

மூன்றே வாரத்தில் மிஷின் வந்தது. பட்டனை அமுக்கினால் சீட்டு. ஆளுக்கு ஒன்று. எட்டரைக்குள் நாற்பதும் காலி. இப்போதெல்லாம் அம்மாவுக்கு எப்படியும் ஒன்று கிடைத்துவிடுகிறது. சிஸ்டரை எங்கோ தூரத்துக்குத் தூக்கியடிப்பதா வேண்டாமா என்பதை இன்று முடிவு செய்வார்கள்.

இந்த இடத்தில் சமத்துவம் பற்றி நான் எழுத நினைத்தது:

5

“கொஞ்சம் காலத் தூக்கும்மா.”

தூக்கினேன். பெஞ்சுக்கு அடியில் தரை துடைக்கிற மாப்பு போய் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பத்தேமுக்கால் அக்கா.

“நீங்க இங்கயா வேலை பாக்குறீங்க?”

“ஒம்பது வருஷமா. ஆபீசருங்க வர்றதுக்குள்ள மூணு மாடியும் முடிக்கணும். பத்து மணிக்குத்தான் விடுவாங்க.” சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார்.

“என்னக்கா?”

“தலை கிர்ருங்குது. மாத்திரை தீந்து எட்டு நாளாச்சு. ரெண்டு தடவ போனேன், மிஷின் பல்லக் காட்டுது. லீவு கேட்டா வேற ஆளு பாத்துக்குவாங்க. எவளோ எழுதிப் போட்டாளாம்ல, அவ கை நல்லாயிருக்கட்டும்.”

நான் அந்தக் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

(ஆக, எட்டு மணி என்ற விதியை முடிவு செய்த அறை இந்த மூடிய கதவுக்குள்தான் இருக்கிறது. அந்த அறையை எட்டு மணிக்குக் கூட்டிக்கொண்டிருந்தவர் இவர். இதை நான் கற்பனை செய்திருந்தால், ரொம்ப ஜோடனையாக இருக்கிறது என்று நானே அடித்திருப்பேன்.)

6

சிஸ்டர் மாடியேறி வந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“ஓ, நீதானா? மனு நல்லா இருந்துச்சும்மா. மூணு தடவ படிச்சேன். ‘மனித மாண்பு’ன்னு ஒரு இடத்துல வரும் பாரு, அங்க எனக்கே என் மேல கோவம் வந்துடுச்சு.”

மாப்பு நின்றது. அக்கா என்னைப் பார்த்தார்.

“மன்னிச்சிருங்க சிஸ்டர். வாபஸ் வாங்கிடுறேன்.”

“நீ வாங்குவ. மிஷின் வாங்குமா?” சிஸ்டர் சிரித்தார். “பைக்குள்ள வெச்சது தப்புதான். இந்தப் பத்தும் பத்தரைக்கு மேல வர்றவங்களுக்குன்னு போர்டுல இருந்திருக்கணும். மூணு வருஷமா இந்த ஆபீசுல வாயால சொல்லிப் பாத்தேன். எனக்கு உன்னை மாதிரி எழுத வராது.”

“நல்லா எழுதுவியாமே?” என்றார் அக்கா. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. “அப்ப எனக்கும் ஒண்ணு எழுதேன்.”

7

மூன்று முடிவுகள் யோசித்தேன்.

அ) நான் முழங்குகிறேன், அதிகாரி கண்கலங்குகிறார், எல்லாரும் கைதட்டுகிறார்கள். (சினிமா.)

ஆ) வாபஸ் வாங்கிவிட்டு நைசாக நழுவுகிறேன். (எனக்கு மட்டும் நல்லது.)

இ) விசாரணைக்கென்று என் கையில் கொடுத்திருக்கும் படிவத்தின் கடைசியில் ‘கூடுதலாகச் சொல்ல விரும்புவது’ என்று இரண்டு வரி இடம் இருக்கிறது. அதில் அந்தப் பத்து டோக்கனைப் போர்டில் எழுதச் சொல்லிக் கேட்கிறேன்.

இதுதான் என்று பேனாவைத் திறந்தேன். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு அம்மாவின் குரல் மெசேஜ்.

“எட்டு மணிக்கே சீட்டு கெடச்சிருச்சுடி! டாக்டர் இப்பதான் வந்தாரு. இன்னிக்கு வெறும் வயித்தோட திரும்ப வேண்டாம். நம்பர் என்ன தெரியுமா? முப்பத்தொண்ணு!”

நான் கேட்கப்போகிற பத்தில் அதுதான் முதல் எண். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

8

கதவு திறந்துவிட்டது. என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். “ஈரமா இருக்கு, ஓரமா போ,” என்கிறார் அக்கா. பேனா திறந்தபடியே இருக்கிறது. அந்த இரண்டு வரி இன்னும் காலி.

இந்தாருங்கள், நீங்கள் எழுதுங்கள். உங்கள் அம்மா வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

..............................................

..............................................