மூன்று பல் பெரைட்டும் நான் அவசரப்பட்டு எழுதிய புகாரும்

1.

செவ்வாய்க்கிழமை பகல், பதுளை பஜாரில் தர்மலிங்கம் முதலாளியின் மின்சாமான் திருத்தும் கடையில் இருந்தவர்கள்:

முதலாளி, கல்லாவுக்குப் பின்னால், கால் இரண்டையும் பழைய டீவி ஒன்றின் மேல் வைத்துக்கொண்டு.
ஜீவராணி, ஜன்னலோர வேலை மேசையில், கையில் ஈயம் ஒட்டும் சூட்டுக்கோலோடு. மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளை. வயது இருபத்தாறு.
சரஸ்வதி அக்கா, முதலாளியின் மனைவி, கதவோர முக்காலியில்.
இப்றாஹீம் நானா, மடுல்சீமை பஸ் கண்டக்டர், வாசற்படியில் நின்றபடி. அவர் எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
நான், தயாபரன், வாடிக்கையாளர் நாற்காலியில், மடியில் எழுதும் அட்டையோடு. அரசாங்கக் கச்சேரிப் பக்கம் மேசை போட்டு மனுவும் கடிதமும் எழுதுவது என் தொழில். இந்தக் கடையின் கடிதங்களும் என் கையால்தான்.

கதையை இப்படித் தொடங்கியதற்குக் காரணம், சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அறிக்கை எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கதை எழுதச் சொல்லித்தரவில்லை. இந்தக் கதை பிறந்ததும் என் கைத்தவறு ஒன்றில்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

2.

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

“பெரைட் என்பது இரும்புத் துருவோடு வேறு உலோகத் துருக்களைக் கலந்து, சட்டி பானைபோல் சுட்டெடுக்கும் கறுப்புப் பொருள்…” (பாடப்புத்தகம். விட்டுவிட்டேன்.)

“மலைமேலே மேகம் தவழ, லயத்துக் குழாயடியில் ஒரு பெண்…” (குழாயில் தண்ணீரே இல்லை. அந்தப் பெண் அங்கே என்ன செய்வாள்?)

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஜீவராணியின் அண்ணன் சதீஸ்குமாருக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, அதாவது லயத்துக்கு, ஓடையிலிருந்து தண்ணீர் ஏற்றுவது ஒரு சூரிய மின் பம்பு. மாப்பிள்ளை, கல்யாண வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில், பம்புப் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருப்பதைக் கண்டு பெட்டியைக் கழற்றித் தட்டியிருக்கிறார். கை நழுவிவிட்டது. உள்ளே இருந்த பெரைட் பீங்கான்போல உடைந்தது. போன வாரமே பெட்டி இப்றாஹீம் நானாவின் பஸ்ஸில் கடைக்கு வந்துவிட்டது. பதினெட்டு வீடு இப்போது குடத்தோடு ஓடைக்கு இறங்குகிறது. வெள்ளிக்கிழமை இருநூறு பேர் கை கழுவ வேண்டும்.

“எறும்ப அடிக்கப் போயி பம்ப அடிச்ச மாப்புள்ள,” என்றார் முதலாளி. “பொண்ணு வீட்டுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா கல்யாணமே நின்னுரும் மொதலாளி. சும்மா இருங்க,” என்றாள் ஜீவராணி. அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

3.

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் என் குற்றம் என்ன என்று பிறகு புரியாது.)

இந்தப் பெரைட் மென்மையான காந்தம். கையால் தொட்டால் கல்லுதான். மென்மை அதன் குணத்தில். சுற்றியிருக்கும் கம்பியில் மின்சாரம் ஓடினால் காந்தமாகும். நின்றால் உடனே மறந்துவிடும். அந்தப் பம்புப் பெட்டியில் இது ஒரு விநாடிக்கு ஐம்பதாயிரம் தடவை நடக்கிறது.

உடைந்த துண்டில் எழுத்தோ இலக்கமோ இல்லை. ஜீவராணி மீட்டரின் இரண்டு ஊசிகளையும் அதன்மேல் வைத்தாள். முள் கொஞ்சம் அசைந்தது.

“மாங்கனீசு சேர்ந்த சாதி அண்ணே. நிக்கல் சேர்ந்ததுன்னா முள் அசையவே அசையாது. அது ரேடியோ வேகத்துக்கு. நம்ம பம்புக்கு இதுதான் சரி.”

அதே சாதியில் கொழும்புக் கடை ஒன்றிலிருந்து ஒரு சோடி வரவழைத்தோம்; செவ்வாய்க்கிழமை காலைதான் வந்து சேர்ந்தது. மூன்று பல் உள்ள சீப்பு இரண்டு. பல்லோடு பல் முட்ட எதிரெதிரே வைத்து, நடுப்பல்லைச் சுற்றிக் கம்பிச் சுருளை மாட்ட வேண்டும். ஒன்றே ஒன்று: ஒரு சீப்பில் நடுப்பல் நகத் தடிப்பளவு கட்டை. சேர்த்து வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

4.

இனி தயாபரன் என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். இவ்வளவு பொறுமையாக ஒரு மனிதன் தப்புச் செய்வானா? வாசகர் நம்புவாரா? ஆனால் செய்தேனே.

ஜீவராணி கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். “அண்ணே, அந்த ரெண்டையும் தொடச்சு வைங்க” என்றாள். துடைத்தேன். வெளிச்சம் தெரிந்தது. கடிதத்தில் ஓரம் கோணினாலே எனக்குச் சோறு இறங்காது. கொழும்புக் கடைக்காரன் தேய்ந்த சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்தேன். கண்ணாடித் துண்டின்மேல் கறுப்பு உப்புத்தாளை விரித்துத் தண்ணீர் தொட்டு, அந்தச் சீப்பின் ஓரப்பற்கள் இரண்டையும் தேய்த்தேன். திருப்பித் திருப்பி, எண்ணி எண்ணி, ஒன்றரை மணித்தியாலம். மூன்று பல்லும் ஒரே மட்டம். வெளிச்சம் போய்விட்டது. அந்த நேரத்தில் எனக்கிருந்த பெருமையை*

* இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது. அப்படியே கிடக்கட்டும்.

ஜீவராணி சுருளை மாட்டி, பெட்டியில் பொருத்தி, மின்சாரம் கொடுத்தாள்.

பட்!

திரான்சிஸ்டர் ஒன்று வெடித்து, அதன் மூடி முதலாளியின் தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழுந்தது.

“சீனி போதும்மா,” என்றார் அவர்.

மாற்றுவதற்கு இன்னும் ஒரே ஒரு திரான்சிஸ்டர்தான் இருந்தது. நான் உடனே பேனாவை எடுத்து, கொழும்புக் கடைக்கு எழுதத் தொடங்கினேன்: “தாங்கள் அனுப்பிய தரமற்ற பொருளினால் எமக்கு ஏற்பட்ட…”

5.

இங்கே சரஸ்வதி அக்கா சிரித்தார் என்று முதற்பிரதியில் எழுதியிருந்தேன். உண்மையில் அவர் அன்று கடைக்கே வரவில்லை. வெலிமடையில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். கதைக்கு ஒரு சிரிப்பு தேவைப்பட்டதால் முக்காலியில் இருத்தினேன். இப்போது எழும்பிப் போகட்டும். சிரிப்பதற்கு வேறு ஆள் கிடைத்துவிட்டார்.

ஜீவராணி சுருளை அளந்தாள். வர வேண்டியதைவிடப் பல மடங்கு காட்டியது. மறுபடி அளந்தாள். அதேதான். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பியவளின் கண் பேனா பிடித்த என் கையில் நின்றது.

“அண்ணே, கை ஏன் இப்புடிக் கரியா இருக்கு?”

நான் சொன்னேன். எத்தனை இழுப்பு தேய்த்தேன் என்ற கணக்கு உட்பட. “ஐயோ அண்ணே, அது வேணும்னே மெசின்ல வெட்டி விட்ட எடவெளி!” என்று அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

இப்றாஹீம் நானா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “யா அல்லாஹ்! கொழும்புக்காரன் மெசின்ல வெட்டுன இடைவெளிய இவர் கையால மூடிட்டாரே!”

“அந்த எடவெளி வேணும் அண்ணே,” என்றாள் ஜீவராணி, சிரித்து முடித்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டு. “அது இல்லாட்டி காந்தம் சீக்கிரமா வயிறு நெறைஞ்சுரும். அதுக்கு மேல ஏத்துனா ஏறாது. கரண்ட தடுக்க ஆளில்லாம கண்டபடி பாயும். பட்டுனு போயிரும்.”

“அப்ப பம்பு?”

“மூணு பல்லுக்கும் நடுவுல தாள் வச்சாப் போதும். நடுப்பல்ல ஒரு தரம், ஓரப்பல்ல ஒரு தரம்னு காந்தம் ரெண்டு தரம் தாண்டுது. அதனால பாதித் தடிப்பு போதும். ஒங்க கடிதத் தாள்ல ரெண்டு மடிப்பு.” என் அட்டையிலிருந்து புகார்க் கடிதத்தை உருவி, கத்தரியை எடுத்தாள்.

“அது மொதலாளி கையெழுத்து வைக்க வேண்டிய…”

“வெட்டும்மா, வெட்டு,” என்றார் முதலாளி.

“தரமற்ற” என்ற சொல் முழுசாக நடுப்பல்லின்மேல் போய் உட்கார்ந்தது. கடைசித் திரான்சிஸ்டரைப் பொருத்தினாள். முதலாளி கோப்பையைக் கையால் மூடிக்கொண்டார். மின்சாரம் கொடுத்தாள்.

ஒரு சத்தமும் இல்லை. பச்சை விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் எரிந்தது. ஜீவராணி பெரைட்டைத் தொட்டுப் பார்த்து, “எளஞ்சூடு” என்றாள்.

6.

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

அ) வெள்ளிக்கிழமை குழாய் கொட்டுகிறது. பெண் வீட்டார் கை கழுவுகிறார்கள். எறும்புக் கதை அவர்களுக்குத் தெரிய வருவதேயில்லை.

ஆ) கொட்டவில்லை. மாப்பிள்ளையே வேட்டியை மடித்துக் கட்டிக் குடத்தோடு இறங்குகிறார். பெண்ணும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால்

இரண்டையும் நான் உங்களுக்குத் தர முடியாது. இதை எழுதுவது புதன்கிழமை காலை, பஸ் நிலையத்தில். லயத்துத் தண்ணீர்த் தொட்டி நிரம்ப ஒரு பகல் வெயில் முழுதாக வேண்டும். அதனால் பெட்டி இன்றே போக வேண்டும். ஜீவராணிக்கு லீவு நாளை பின்னேரம்தான். லயத்தில் போனுக்குச் சிக்னலும் கிடையாது. தொட்டி நிற்கும் மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். எனவே சதீஸ்குமாருக்குக் கடிதம்: எந்த வயரை எங்கே கொடுப்பது, இலக்கமிட்டு, பதினொரு வரி. பெட்டியைத் தட்டக் கூடாது என்பதை இரண்டு தடவை எழுதினேன்.

இப்றாஹீம் நானா பெட்டியைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டு மிதிபலகையில் நின்றார். “எழுதினது போதும் தயாபரன், பஸ் எடுக்கப் போறான்!”

ஜீவராணி பேனாவைப் பிடுங்கி, அடியில் தானே எழுதினாள்: “அண்ணா, கனெக்சன் குடுத்துட்டு மேட்டுக்கு ஏறி எனக்கு ஃபோன் பண்ணு. ஒன்னும் பேச வேணாம். ஃபோன தொட்டிக்குள்ள நீட்டிப் புடி.”

உறையை நக்கி ஒட்டி, விரலால் நான்கு பக்கமும் அழுத்தி, ஓடத் தொடங்கிய பஸ்ஸில் நானாவின் சட்டைப் பைக்குள் திணித்தேன். பஸ் வளைவில் மறைந்தது. ஜீவராணி ஒலியை முழுதாகக் கூட்டி, போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அடித்தால் நீங்களும் கிட்ட வந்து காதைக் கொடுங்கள்.