கிரீஸ் பூசாத புலிக்குட்டி

புலிக்குட்டியின் வாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பொலிஸில் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பல் தெரிந்ததா, உறுமுவது போல் இருந்ததா என்று. சிரித்துக்கொண்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் அது வேறு வேறு முகத்தோடு வருகிறது.

திலீபனின் த்ரீவீல் ஆட்டோவின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அது. அலுவிகாரையில் என் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்கு எதிரேதான் த்ரீவீல் ஸ்டாண்ட். அவனுடைய சின்ன மகள் யதுஷா டிவியில் ஒரு கார்ட்டூன் படத்தை அலுக்காமல் பார்த்துவந்தாள். காட்டை ஆளும் சிங்கம் ஒரு சட்டம் போடுகிறது: உடம்பில் வரி உள்ள மிருகங்கள் சேற்றைப் பூசி வரியை மறைத்துக்கொண்டுதான் குளத்துக்கு வரலாம். வரிக்குதிரை பூசுகிறது, அணில் பூசுகிறது. ஒரு புலிக்குட்டி மட்டும் மாட்டேன் என்கிறது. சிங்களத்திலும் அந்தப் படம் வந்தது. ஸ்டாண்டில் நின்றவர்களின் பிள்ளைகளும் அதன் பாட்டைப் பாடித் திரிந்தார்கள்.

"தம்பி, இதக் கழட்டிப் போடுங்க. மொசல் ஒட்டுங்க, ஆனை ஒட்டுங்க," என்றேன்.

"பால்பல்லுகூட விழாத குட்டி இது, நானா," என்று சிரித்தான், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடும் முறையில் என்னை அழைத்து. "இதுக்குமா பயப்படுவாங்க? மக பொறந்த நாளுக்கு ஆசையா கேட்டுச்சி."

இந்த ஊரில் ஒரு தமிழன் தன் வண்டியில் எந்த மிருகத்தை ஒட்டக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும். கார்ட்டூன் அதில் சேராது என்று நம்பிவிட்டான்.

மறுநாள் மகளை ஸ்கூலுக்கு ஏற்றிக்கொண்டு என் கடை வாசலில் நிறுத்தினான். ஸ்டாண்ட் தலைவர் சுனில் ஆட்களோடு ரோட்டைக் கடந்து வந்தார். அவருடைய வண்டியில் தேசியக் கொடியின் வாள் பிடித்த சிங்கம் இருந்தது. புலிக்கொடி ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாயா என்று சிங்களத்தில், சத்தம் போடாமல்தான் கேட்டார். என் கடைத் தரையில் கிடந்த கிரீஸ் துணியைக் காலால் தள்ளினார். பூசு என்றார்.

திலீபன் குனிந்து எடுத்தான். பூசத்தான் போனான்.

"அப்பா, பூசாதீங்க!" பின்சீட்டிலிருந்து யதுஷா கத்தினாள். "பூசினா குட்டி அழும்!"

அவன் கை நின்றுவிட்டது.

"பிள்ளைக்கு முன்னால வேணாம் அய்யே. பின்னேரம் நானே கழட்டுறேன்," என்று சுனிலை அண்ணன் முறை சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினான் திலீபன்.

"இப்ப," என்றார் சுனில், தமிழில்.

திலீபன் துணியைக் கீழே வைத்தான். முதல் அடி ஜாக்கிக் கம்பியால் வாயில் விழுந்தது. அடுத்தது கண்ணில். விழுந்தவனை முறை வைத்து மிதித்தார்கள். விலா எலும்பு முறியும் சத்தம் கடைக்குள் கேட்டது. நான் ஓடிப்போய் பிள்ளையை வெளியே இழுத்தேன். அப்பாவிடம் விடச் சொல்லி என் கையை இரத்தம் வரக் கடித்தாள். ஒருவன் வண்டியின் பெற்றோல் குழாயைப் பிடுங்கினான். வண்டி பற்றி எரிந்தபோது அவள் கடிப்பதை விட்டாள். பிறகு அழவும் இல்லை.

இப்போது திலீபனுக்கு இடது கண் இல்லை. கலேவெல சந்தையில் மரக்கறி மூட்டை தைக்கிறான். அவன் மனைவி கிருஷாந்தி மகளோடு யட்டவத்தையில் தாய் வீட்டில் இருக்கிறாள். யதுஷா டிவி இருக்கும் அறைக்குள் போவதில்லையாம். நான் கடையை விற்கப் பார்க்கிறேன், ஆள் வரவில்லை. சுனில் பிணையில் வந்து பழைய ஸ்டாண்டிலேயே வண்டி ஓட்டுகிறார். போன கிழமை நேர்சரி விழாவுக்கு அவருடைய பேத்தி, முகத்தில் மஞ்சளும் கறுப்புமாக வரி தீட்டி, அவர் வண்டியின் பின்சீட்டில் அந்தப் படப் பாட்டைப் பாடிக்கொண்டு போனாள்.