மணல் மேல் அடுக்கிய கல்

கூடத்துத் தரையில் மீன்தொட்டியின் அளவுக்குச் சாக்பீஸால் ஒரு கட்டம். அதற்குள் ஓட்டை ஓட்டையான கடல் கற்கள். அவள் ஒரு கல்லை எடுப்பாள், திருப்பி வைப்பாள், எட்டி நின்று பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மறுபடி எல்லாவற்றையும் கலைப்பாள். பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்துகிறவளுக்கு வீட்டில் இதுதான் இளைப்பாறல்.

"இன்னுமா முடியல? இந்நேரம் மாடி வீடே கட்டியிருப்பாங்க," என்பான் கணவன், சோபாவில் கால் நீட்டியபடி.

"இதுவும் வீடுதாங்க. சரிஞ்சா உள்ள இருக்கிற உசிரு நசுங்கிடும்."

உப்புநீர்த் தொட்டியில் ஒரு சங்கதி உண்டு. கல்லை முதலில் தொட்டியின் வெறும் அடிக்கண்ணாடி மேல் ஊன்ற வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டி, அசைத்துப் பார்த்து, அப்புறம்தான் சுற்றிலும் மணல் கொட்ட வேண்டும். அவசரக்காரர்கள் மணலைப் பரப்பிவிட்டு அதன் மேல் கல்லை வைப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். குழி தோண்டும் இறால் ஒன்று உள்ளே வந்தால் போதும், ஒருநாள் பொலபொலவென்று சரிந்துவிடும்.

அவள் அப்படிப்பட்ட இறாலைத்தான் விரும்பி வாங்கினாள். அதற்குக் கண் சரியாகத் தெரியாது. அது தோண்ட, குட்டி மீன் ஒன்று வாசலில் காவல் நிற்கும். இரண்டுக்கும் ஒரே வளை. "நாம ரெண்டு பேரும் இப்படித்தான், பாத்தியா?" என்று கணவன் ஒருமுறை சொன்னான். அதை அவள் நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனின் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். தொட்டியின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

"யாருப்பா இதை அடுக்கினது?"

டீத்தட்டோடு வந்துகொண்டிருந்தவளுக்கு மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. முதல் தடவையாக ஒருத்தர் கேட்கிறார்!

"நான்தான் சார். மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டேன். இவ கல்லை எடுத்துக் குடுப்பா, அவ்வளவுதான்," என்றான் கணவன், அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரன் மாதிரி.

"பின்னாடி எதுக்குக் கை நுழையுற அளவு இடம் விட்டிருக்கீங்க?"

"அது ஒரு டிசைன் சார்."

டிசைனாம்! தண்ணீர் சுற்றிவர வேண்டும், கண்ணாடியைத் துடைக்கக் கை போக வேண்டும் என்று அவள் அளந்து விட்ட இடம் அது. மேனேஜர் தலையாட்டினார். ஆபீஸ் வரவேற்பறையிலும் இதே போல ஒன்று வைத்துக் கொடுக்கச் சொன்னார். தட்டை ஏந்தியபடி அவள் கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணடித்தான்.

அவர் போனதும் கேட்டாள், "ஏங்க இப்படிச் சொன்னீங்க?"

"இதுல என்ன இருக்கு? ஒரே வீடு. உன் பேரு என் பேருன்னு பிரிச்சா பாக்கிறது?"

"பிரிக்க வேணாம்னா என் பேரைச் சொல்லியிருக்கலாமே?"

அவன் டி.வி. சத்தத்தைக் கூட்டினான். அவள் காலி டம்ளர்களை எடுத்தாள். வேற்றாள் திருடியிருந்தால் கத்தி ஊரைக் கூட்டலாம். கூடவே படுத்து எழுகிறவன் எடுத்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆபீஸ் தொட்டிக்கு வேலை தொடங்கியபோது, "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். "வேணாம், எல்லாரும் பாப்பாங்க. எனக்குத் தெரியாததா?" என்றான். மாசக்கணக்கில் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது டீ ஆறிப்போனது மட்டும்தான். மணலைப் பரப்பினான், கல்லை ஏற்றினான், உயிருள்ள பவளத்தை மேலே பதித்தான், கைத்தட்டல் வாங்கினான். அதே இறாலையும் மீனையும் போல ஒரு ஜோடியை வாங்கி விட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அங்கேதான் ஆரம்பம்.

ஒரு வாரம் போயிருக்கும். கடையில் இருந்தவளுக்குப் போன் வந்தது. கணவனின் குரல் கிசுகிசுத்தது.

"கல்லு சரிஞ்சிடுச்சு. பவளமெல்லாம் அடியில. சாப்பாட்டு நேரத்துல வா, யாரும் இருக்கமாட்டாங்க. பின்வாசல் வழியா வா, என்ன?"

பின்வாசல்! அன்றைக்குச் சொன்ன பொய்யைவிட இந்த ஒரு சொல் அவளை அதிகம் சுட்டது. பொய் வாய்தவறி வந்ததாகக்கூட இருக்கலாம். இது யோசித்துச் சொன்னது. போகவே கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் கல்லுக்கடியில் மாட்டிய உயிர் என்ன பாவம் செய்தது?

அவள் போனாள். முன்வாசல் வழியாகப் போனாள், எல்லாரும் இருக்கும் நேரத்தில். தொட்டியைச் சுற்றிக் கூட்டம். நடுவில் கணவன் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தான்.

"ஒத்தாசைக்கு வரச் சொன்னேன் சார்," என்றான் மேனேஜரிடம்.

இப்போதும்!

சேலைத் தலைப்பு நனைய, அவள் முழங்கைக்கு மேல்வரை கையை உள்ளே விட்டாள். ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வெளியே வைத்தாள். கடைசிக் கல்லின் அடியில் இறால் உயிரோடு இருந்தது. பக்கத்தில் குட்டி மீன் நசுங்கிக் கிடந்தது. ஓடியிருக்கலாம், ஓடவில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மணலை ஒதுக்கிக் கண்ணாடி தெரியச் செய்தாள். பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்கதானே அடுக்குவீங்க. சொல்லுங்க, எந்தக் கல்லு முதல்ல?"

அவன் கற்களைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. காது மடல் சிவக்க, மெல்ல வாய் திறந்தான்.

"எனக்குத் தெரியாது சார். வீட்டுல இருக்கிறதும் இவ அடுக்கினதுதான். நான் சும்மா... பேரு வாங்கிக்கிட்டேன்."

அவள் பெரிய தட்டைக் கல்லை எடுத்துக் கண்ணாடி மேல் ஊன்றினாள். அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"இப்ப சொன்னீங்களே, அது போதும்னு நினைக்காதீங்க. எனக்கு மனசு ஆறுறதுக்கு நாளாகும்," என்றாள் அவனிடம். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, கையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டச் சொன்னாள்:

"வெளியாள் எடுத்தா திருட்டுங்கிறோம். வீட்டுக்காரர் எடுத்தா குடும்பம்ங்கிறோம். பொண்டாட்டி உழைப்பைத் தன் பேர்ல எழுதிக்கிறதும் திருட்டுதாங்க. மணலை நம்பி வெச்ச கல்லு எப்படியும் ஒருநாள் சரியும். அன்னைக்கு நசுங்குறது வெச்சவன் இல்ல, கூடவே நம்பி நின்னது."