உள்ளே இருக்கும் இடம்

மார்லிஸ் ஈரத்துணியால் அப்பாவின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். காலையிலிருந்து கண் திறக்காதவர்.

"கோல்பி எந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போனான்?"

நீங்கள் கடைசியாகத் தயார் செய்து வைத்த தோட்டாக்களைத்தான் என்றாள். தம்பி கோல்பியை பிட்டர்ரூட் மலைக்கு அனுப்பியதே அவர்தான். எல்க் மான் வேட்டைக்காலம் முடியப்போகிறது, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காராதே என்று விரட்டியிருந்தார்.

அப்பா ஓரின் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். பழைய ராணுவத் தோட்டாக் கூடுகள் சில அதில் கலந்துவிட்டன. வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுதான். ஆனால் இவற்றின் சுவர் தடிமன், உள்ளே இடம் குறைவு. ஆயுசு முழுக்க வெறும் கூட்டில் தண்ணீர் நிரப்பி, நிறுத்துப் பார்த்து, ரகம் பிரித்தவர். இந்தக் கோடையில் கை நடுங்கியதால் அதை விட்டுவிட்டார்.

"எல்லாத்துக்கும் ஒரே அளவு வெடிமருந்து போட்டுட்டேன், மார்லிஸ். அதுவும் கூடுதலாவே."

அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். அதிர்ஷ்டமிருந்தால் குறி மட்டும் தப்பும். இல்லையென்றால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும்.

தம்பியின் போன் கிடைக்கவில்லை. மலைக்குள் எப்போதுமே கிடைக்காது. பக்கத்துப் பண்ணை இங்காவை வரவழைத்து அப்பாவின் அருகே உட்காரவைத்தாள். வண்டிச் சாவியை எடுத்த பிறகும் கால் நகரவில்லை.

"போம்மா," என்றார். "நான் எங்க ஓடிடப் போறேன்?"

சரளைப் பாதை முடியும் இடத்தில் கோல்பியின் வண்டி நின்றிருந்தது. அவள் இறங்கும்போதே மேலே ஒரு வெடிச்சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. இன்னொன்று கேட்டால் அவன் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்துவிடும்; ஆனால் அந்தத் தோட்டாவே அவன் முகத்தில் வெடிக்கலாம், அதனால் கேட்கவும் கூடாது. அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே பனியில் ஏறினாள்.

விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்து, கோல்பி துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டை உள்ளங்கையால் குத்திக்கொண்டிருந்தான். முகத்தில் கீறல்கூட இல்லை.

"குண்டு மான் தலைக்கு மேலயே போயிடுச்சுக்கா. போல்ட்டும் சிக்கிக்கிச்சு. அப்பா போட்ட தோட்டா இப்படிப் பண்ணாதே?"

அவள் மூச்சு வாங்கியபடி தோட்டாப் பெட்டிக்காகக் கை நீட்டினாள்.

"பழைய துப்பாக்கிடா, அதுக்கும் வயசாகுதில்ல. வா, அப்பா உன்னக் கேட்டாரு."

அவர்கள் வீடு திரும்பியபோது இங்கா கோட்டுகூடப் போடாமல் வாசலில் நின்றிருந்தாள்.

"வண்டிச் சத்தம் கேக்குதா, கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசில, கேக்குது, ரெண்டு வண்டியும் வருதுன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் மூச்சு நின்னுச்சு."

கோல்பி தொப்பியைக் கழற்றாமல் கட்டிலருகே நின்றான். ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்தியிருந்ததால் சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. அவன் போய் அதை இறுக்கி மூடினான். மறுபடி சொட்டியது. மறுபடி இறுக்கினான்.