பச்சை அம்பு

உச்சியில் இருந்தவர்கள்:

முஹ்சின். அது நான். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இரண்டு வருடம் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு, மூன்று வாரத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் ஹெல்மெட்டைக் கழற்றி மெஷின் மேல் வைத்துவிட்டு வேலையை விட்டு வந்தவன்.

ஹீனா. என் தங்கை, இருபது வயது. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை, அதே கம்பெனியின் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

சுவேதா. ஹீனாவுடன் ஒரே லைனில் நிற்பவள். ஹாஸ்டலில் வேறு பிளாக். ஊர் சிவகங்கைப் பக்கம்.

பெரியதம்பி அண்ணன். நைட் ஷிப்டில் எனக்கு எதிர் மெஷின். தேனிக்காரர், வயது நாற்பத்து நான்கு. இடது முழங்கால் சரியில்லை. அதை அவர் காலையில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டே முக்கால். இரட்டைக்கல் மலை ஓசூர்ப் பக்கம், தளிக்கு அப்பால் இருக்கிறது. பாதி தமிழ்நாடு, பாதி கர்நாடகம். ஞாயிறானால் இரண்டு மாநிலத்து ஜனமும் சிப்ஸ் பாக்கெட்டும் ஸ்பீக்கருமாக ஏறும்.

ஹீனா ஆறரைக்குள் ஹாஸ்டல் கேட்டுக்குள் போயாக வேண்டும். தாமதமானால் ரிஜிஸ்டரில் அவள் பெயருள்ள பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். மூன்றாவது கோடு விழுந்தால் வீட்டுக்கு போன் போகும், ரூமும் வேலையும் போகும். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு. குந்தாரப்பள்ளியில் எங்கள் அத்தா மாப்பிள்ளை பார்த்து வைத்துவிட்டு அந்த போனுக்காகக் காத்திருக்கிறார். ஹீனாவுக்கு அந்த மாப்பிள்ளையும் வேண்டாம், குந்தாரப்பள்ளியும் வேண்டாம்.

அவுட் பாஸில் நாங்கள் எழுதியிருந்தது 'மத்திகிரி, அண்ணன் ரூம்'. வெளியே கூட்டிப் போனவரே திரும்பக் கூட்டி வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஹாஸ்டல் விதி. இரண்டு பெண்களுக்கும் கையெழுத்துப் போட்டவன் நான். மலையில் மாட்டிக்கொண்டோம் என்று வார்டனுக்கு போன் செய்ய முடியாது.

உச்சி ஒரே பாறைவெளி. நாங்கள் ஏறி வந்த படிகள் எந்த ஓரத்தில் என்று சாப்பிட்டு எழுந்தபோது தெரியவில்லை. பாறையில் பெயின்ட் அம்புகள் இருந்தன. ஒரு வரிசை மஞ்சள், ஒரு வரிசை பச்சை. நான்கு பேரும் பச்சையில் நடந்தோம். யாரும் யாரையும் கேட்கவில்லை. எங்கள் பிளாண்டுகளில் பச்சைதான் ஆள் நடக்கும் பாதை. மஞ்சள் கோட்டைத் தாண்டினால் ஃபோர்க்லிஃப்ட் வரும், மெமோவும் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அது காலில் பதிந்துவிடும். எங்களுக்கு முன்னால் ஒரு பெங்களூர்க் கூட்டமும் பச்சையில்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் இறங்கினோம். பெங்களூர்க் கூட்டம் பறந்துவிட்டது. வழி முழுக்கச் சரளைக்கல்லும் முள்ளும்.

"படியையே காணோமே, அண்ணா," என்றாள் ஹீனா.

"வரும்."

"காலையில இம்புட்டு முள்ளு இல்லயே," என்றாள் சுவேதா.

"பகல்ல இம்புட்டு வெயிலு உண்டுங்கிறதே எனக்கு மறந்துபோச்சு, ஆத்தா. முள்ளா ஞாபகம் இருக்கப்போகுது?" என்றார் பெரியதம்பி அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு அடிக்கும் பாறையைப் பிடித்து.

என் போனில் மெசேஜ் வந்தது. கன்னடத்தில், கர்நாடகத்துக்கு வரவேற்று. காட்டினேன். ஹீனா மணியைத்தான் பார்த்தாள். மூன்றே முக்கால்.

"மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கினா?"

"ஏற ஒண்ணரை மணி, இறங்க ஒண்ணேகால். ஓசூர் பஸ் போயிருக்கும்," என்றேன்.

"யாரு பச்சையில முதல்ல கால வச்சது?"

நான்தான். சொன்னேன். ஹீனா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தொடர்ந்து இறங்கினோம். பாதை ஒரு செங்குத்துப் பாறையில் போய் நின்றது. இரண்டு ஆள் உயரம், பிடிக்க ஒரு இரும்புச் சங்கிலி. பெண்கள் இறங்கிவிட்டார்கள். பெரியதம்பி அண்ணன் பாதியில் நின்றார். இடது முழங்கால் மடங்கவில்லை. கடைசி மூன்றடியில் சங்கிலியை விட்டுவிட்டார். விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. பேன்ட்டைச் சுருட்டிப் பார்த்தபோது முழங்கால் பப்பாளி மாதிரி வீங்கத் தொடங்கியிருந்தது.

ஆடு மேய்க்கிற ஒருவர் கீழிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் வெங்கடப்பன் என்றார். கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார்.

"தமிழ்நாட்டுக்காரங்க இந்தாண்ட ஏன் வந்தீங்க? மஞ்ச அம்புதானே உங்க பக்கம் போகுது?"

"ரோடு எவ்வளவு தூரம்?"

"எனக்கு அரை மணி. உங்களுக்கு முக்கா. இவருக்கு..." முழங்காலைப் பார்த்தார். "ரெண்டு மணிக்குக் கம்மி இல்ல. அதுவும் ஒரு ஆளு தோள் குடுக்கணும். கீழ குட்டை இருக்குது. அஞ்சரைக்கு மேல ஆனை தண்ணிக்கு வரும். மேட்டு வழியா சுத்திப் போங்க."

"நீங்க கொஞ்சம் பிடிச்சிக்கிட்டா..."

"ஆட்டை யாரு பிடிப்பா?" சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை.

மணி நாலரை. கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஹீனா போக வேண்டும். கையெழுத்துக்கு நானும் போக வேண்டும்.

"மூணு பேரும் கெளம்புங்கப்பா," என்றார் பெரியதம்பி அண்ணன். "நான் உக்காந்து உக்காந்தே வந்துருவேன்."

"ஆனை வந்தா அதுக்கிட்டயும் உக்காந்துக்கிட்டே பேசுவீங்களாக்கும்," என்றாள் சுவேதா. பையைக் கழற்றிக் கல்லில் வைத்தாள். "நான் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போங்க."

"உனக்குக் கோடு விழும்டி," என்றாள் ஹீனா.

"விழட்டும். என் பக்கம் வெள்ளையாக் கெடக்கு. ஒண்ணு விழுந்தா செத்தா போவேன்?"

ஹீனா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சுவேதா கையை வீசினாள், கோழியை விரட்டுவது போல. "போடி. நின்னுக்கிட்டே இருந்தா ரெண்டு பேருக்கும்தான் விழும்."

நான் என் தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்தேன். இரண்டு வருடம் எதிரே நின்று வேலை செய்தவரை ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டு இறங்கினேன். அவர் "பாத்துப் போ, முஹ்சினு" என்றார்.

ஓடினோம் என்று சொல்ல முடியாது, சறுக்கினோம். ஹீனா இரண்டு முறை விழுந்தாள். குட்டையை ஒட்டிப் போவதுதான் குறுக்கு வழி. மேட்டு வழியில் கால் மணி கூடும். குட்டை வழியாகப் போனோம். கரையில் யானை லத்தி கிடந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. ஹீனா அதைத் தாண்டும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூங்கில் புதருக்குள் ஏதோ ஒடிந்தது. நாங்கள் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. புதர் தாண்டி உழுத நிலம் வந்தபோதுதான் நான் மூச்சே விட்டேன்.

தார் ரோடு. ஐந்து பதினைந்து. ஓசூர் மார்க்கெட்டுக்குக் கொத்தமல்லி ஏற்றிப் போன டெம்போ ஒன்று நின்றது. பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். மாநில எல்லையில் லாரி வரிசை. டெம்போ பதினோரு நிமிடம் நகரவில்லை. ஹீனா நகத்தைக் கடிக்கவில்லை, அழவில்லை. போன் திரையை அணைத்தாள், போட்டாள், அணைத்தாள்.

ஆறு மணிக்கு சுவேதா கூப்பிட்டாள். ஹீனா ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேட்டு வழியா வந்துட்டோம். ஊரு தெரியுது, டிராக்டர்காரர் ஒருத்தர் ஏத்திக்கிறேன்னாரு. இந்தாளு சங்கிலியத் திட்டிக்கிட்டே வர்றாரு. நீ உள்ள போயிட்டியா?"

"இன்னும் இல்லடி."

"அப்ப என்கிட்ட என்னடி பேச்சு? வை போன."

பஸ் ஸ்டாண்டு முன்னால் குதித்து ஆட்டோ பிடித்தோம். கேட்டில் இறங்கும்போது ஆறு இருபத்தேழு.

கேட்டில் அன்று நாகம்மா. செக்யூரிட்டி யூனிபார்ம் புடவை, கையில் டார்ச். ஹீனாவின் செருப்பை, பிறகு முழங்காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தார்.

"மத்திகிரியில அண்ணன் வீட்டுல ஏர் ஓட்டினியா?"

ஹீனா மண்ணைத் தட்டிவிட்டாள். நாகம்மா மேலே கேட்கவில்லை. ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார். ஹீனா தன் பக்கத்தில் நேரத்தை எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

"கூட வந்த பொண்ணு?"

"பின்னாடி வருது," என்றேன்.

"எவ்ளோ பின்னாடி?" கேட்டுக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மேலே சுவேதாவின் பெயரும் ஒட்டிய போட்டோவும். கீழே சிவப்பில் இரண்டு கோடுகள். ஒன்று மார்ச், ஒன்று போன மாதம்.

ஹீனாவின் விரல் அந்தப் பக்கத்தின் மேல் போய் நின்றது.

"அக்கா, இது அவளுதா?"

"போட்டோவுல யாரு, நானா? இன்னைக்கு மூணாவது. பாவம். நாளைக்குப் பெட்டியக் கட்டணும்." நாகம்மா மணியைப் பார்த்தார். "ஆறரைக்கு வார்டன் மேடம் கேமராவுல பாப்பாங்க. உள்ள போ."

ஹீனா போகவில்லை. ஒரு கால் வாசலுக்குள், ஒரு கால் வெளியே. "அண்ணா," என்றாள். "அவ வெள்ளைன்னு சொன்னா."

"தெரியும். கேட்டேன்."

"எதுக்குச் சொன்னா?"

இவள் வெளியே நின்றால் சுவேதாவின் கோடு அழியாது, இரண்டு பெட்டி வெளியே வரும், அவ்வளவுதான். அவளும் இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ளயா, வெளியயா?" என்றார் நாகம்மா. "ரெண்டுல ஒண்ணு சொல்லு. எனக்கு வேலை இருக்குது."

"போ," என்றேன்.

ஹீனா வெளியே இருந்த காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். நாகம்மா இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டைப் போட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.