பிரேக் பூட்டியாச்சா?

டிஸா ஆற்றோரத்து விமான மைதானத்தில் நடந்த கூத்துகள் எல்லாம் எமொகேயின் நோட்டில் இருந்தன. முப்பது வருடமாக ரேடியோ அறையில் உட்கார்ந்து எழுதியவை. ஒரு விமானம் ஆளில்லாமல் கிளம்பி, மைதானத்தை இரண்டு சுற்று ஓடி வைக்கோல் போரில் முட்டி நின்றது. விசிறியைக் கையால் சுழற்றிக் கிளப்பிவிட்டு அதன் பின்னாலேயே ஓடியவர் பயிற்சியாளர் பர்னபாஷ். காற்றில் நகராமலிருக்க வாலில் கட்டியிருந்த டயரை அவிழ்க்காமல் பறந்தவர் பல்மருத்துவர் ஜோம்போர். பாதிரியார் விமானத்தை ஆட்டு மந்தைக்குள் இறக்கினார். ஒன்றுக்கும் எமொகே சிரிப்பை அடக்கியதில்லை. ஆனால் எந்தக் கிளைடர் கிளம்பினாலும், "பிரேக் பூட்டியாச்சா?" என்று மைக்கில் கேட்காமல் விட்டதுமில்லை. இறக்கையிலுள்ள பிரேக் பூட்டாமல் விரிந்துகொண்டால், எஞ்சின் இல்லாத கிளைடர் கல்லாக இறங்கிவிடும்.

இன்று, ஐம்பத்தாறு வயதில், முதல்முறையாக அவளே தனியாகப் பறக்கப் போகிறாள். கண் டாக்டர் கொடுத்த சான்றிதழ் இன்றோடு முடிகிறது, இனிப் புதுப்பிக்க மாட்டாராம். இன்று விட்டால் இனி இல்லை. நோட்டில் இடம்பிடித்தவர்கள் அத்தனை பேரும் நாற்காலியோடு வந்துவிட்டார்கள்.

"நோட்டை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க அக்கா, நான் எழுதறேன்," என்றார் ஜோம்போர்.

"வயித்தெரிச்சல் புடிச்சவனே, வால்ல டயர் இருக்கான்னு பாரு முதல்ல."

அவள் ஏறி உட்கார்ந்ததும் பர்னபாஷ் கையை உயர்த்தினார். கயிறு இழுத்தது, கிளைடர் ஏறியது. உச்சியில் கயிறு கழன்றதும் விறுவிறுவென்று இறங்கத் தொடங்கியது. கீழே எல்லோரும் எழுந்து கையை ஆட்டினார்கள். கேலி என்று நினைத்து அவளும் ஆட்டினாள். பிறகுதான் தரை வேகமாக நெருங்குவதைப் பார்த்தாள். ரேடியோவில் ஒரு குரலும் இல்லை. அங்கே உட்கார வேண்டியவள் இங்கே இருந்தாள்.

"பிரேக் பூட்டியாச்சா?" என்று வாய்விட்டுக் கேட்டாள். பழக்கதோஷம். கை தானாக நெம்புகோலுக்குப் போனது. அது பூட்டாமல் கிடந்தது. தள்ளிப் பூட்டினாள். வேலி மரங்களை உரசாத குறையாகத் தாண்டி வந்து இறங்கினாள்.

பர்னபாஷ் முகம் வெளுத்து ஓடி வந்தார். "கேக்கணும்னே தோணல எமொகே. எப்பவும் நீதானே கேப்பே? என் பேரையும் சேத்து எழுது."

"உன் பேரு ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கு, போ."

முதல்முறை தனியாகப் பறந்தவரைக் குனியவைத்துப் பின்புறத்தில் ஆளுக்கொரு அடி போடுவது அங்கே வழக்கம். இன்று யாருக்கும் கை எழவில்லை. ஆனால் எமொகே அவ்வளவு சந்தோஷமாக என்றும் இருந்ததில்லை. இறக்கையைப் பிடித்துக்கொண்டு தானே குனிந்தாள்.

"என்னடா மசமசன்னு நிக்கறீங்க? முப்பது வருஷம் சிரிச்சிருக்கேன். பலமாப் போடுங்க."

"இது டயருக்கு, அக்கா," என்றபடி ஜோம்போர்தான் முதல் அடி போட்டார்.