விருந்தாளிக்கு மாம்பழம் வெட்டும் முறை

1

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, வீட்டில் மாம்பழம் வெட்டிப் பரிமாறும் முறையை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி மலராசிரியர் மயூரதன் கேட்டார். தொடங்கினேன்:

'கறுத்தக்கொழும்பான் மாங்காயைக் காம்போடு பறித்து, காம்பை முறித்து, கவிழ்த்து வைத்துப் பால் வடியவிட வேண்டும். பழுத்த பின் தண்ணீரில் சற்று ஊறவிட்டு, தோலை மெல்லியதாகச் சீவி, கொட்டையை ஒட்டினாற்போல் இரண்டு பக்கமும் வெட்டி எடுக்க வேண்டும். விருந்தாளி வந்தால்...'

அந்த 'வந்தால்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. போன வைகாசியில் ஒருத்தி வந்தாள்.

2

[முதலில் 'தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி' என்று எழுதினேன். வெட்டிவிட்டேன். அச்சில் பொய் சொல்வது எங்கள் குடும்பத்துக்கு அழகில்லை. பெயரை மறைப்பது பொய்யாகாது.]

வந்தவள் மார்க்கண்டுவின் தங்கை செல்வநாயகி. மார்க்கண்டு என்பது நான் வைத்த பெயர். பண்டத்தரிப்பில் தனியாக இருக்கும் மனிதர். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் கனடாவில். மெதடிஸ்தக் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவன் நதானியேலைக் கட்டிக்கொண்டு தங்கை உடுப்பிட்டிக்குப் போன நாளிலிருந்து அவளோடு அவர் கதைப்பதில்லை. அது சரியா பிழையா என்று இங்கே ஆராய மாட்டேன். வீட்டுக்கு மூத்தவன் ஒரு சொல் சொன்னால் அது நிற்க வேண்டும்.*

* இந்த இடத்தில் வாசகர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சுளிக்கட்டும்.

3

அவள் விறாந்தைப் படியில் செருப்பைக் கழற்றினாள்.

"சும்மாதான் வந்தனான், அண்ணை. பயப்பிடாதேங்கோ."

"ஆர் பயப்பிடுறது? இரு."

மார்க்கண்டு குசினிக்குப் போனார். மனைவி போன பிறகு அந்த வீட்டில் இன்னொருவருக்காகப் பழம் வெட்டியதில்லை. [ஒருவருக்கு ஒரு மாம்பழம் கூடிப்போகும். பாதியை மூடி வைத்தால் மறுநாள் கறுத்துவிடும். இது மலருக்குத் தேவையில்லை.] அன்று துண்டுகளை ஒரே அளவாக நறுக்கி, பூப்போட்ட பீங்கானில் அடுக்கி, முள்ளுக்கரண்டியும் வைத்துக் கொண்டுவந்தார். தன் கை நேர்த்தியில் அவருக்குப் பெருமைதான்.

செல்வநாயகி பீங்கானைப் பார்த்தாள்.

"முள்ளுக்கரண்டியோ? ஏன், வேதக்காரர் கையாலை சாப்பிடமாட்டினம் எண்டு ஆராவது சொன்னவையோ?"

"மரியாதைக்கு வைச்சனான்."

"உந்த மரியாதையை உங்கடை சம்பந்திமாருக்கு வையுங்கோ. மாங்கொட்டை எங்கை?"

"குசினியிலை."

"கொண்டு வாங்கோவன்."

எங்கள் வீட்டில் [அவர் வீட்டில்] சதைத் துண்டுகள் வந்தவருக்கு, கொட்டை வீட்டாருக்கு. சாறு வழிய அதைச் சூப்புவதை வெளியாள் முன் செய்வதில்லை, வெளியாளுக்குக் கொடுப்பதுமில்லை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

"விருந்தாளிக்குக் கொட்டை குடுக்கிற வழக்கமில்லை" என்றார்.

"ஓம். அதுதான் கேக்கிறன். நான் விருந்தாளியோ, அண்ணை?"

அவர் குசினிக்குத் திரும்பினார்.

4

முடிவு ஒன்று: கொட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறார். அவள் சூப்புகிறாள். சாறு முழங்கைவரை... நன்றாகத்தான் வருகிறது. ஆனால் அந்த மனிதரை எனக்குத் தெரியும். குசினி வாசலைத் தாண்ட அவருக்குக் கால் வராது.

முடிவு இரண்டு: அவள் ஒரு துண்டும் தொடாமல் எழும்பி, "சரி, வாறன்" என்று செருப்பை... இதை எழுத எனக்குக் கற்பனை தேவையில்லை. அதனால்தான் எழுதவில்லை.

5

மயூரதன் தொலைபேசியில் கேட்டார்.

"ஐயா, முடிஞ்சுதோ? அச்சுக்குக் குடுக்கவேணும். மாம்பழம் வெட்ட இவ்வளவு நாளோ?"

"இல்லைத் தம்பி. இன்னும் முடியேல்லை."

முடித்தால் அவள் எழும்பிப் போய்விடுவாள். இந்த வரிவரை விறாந்தைக் கதிரையில்தான் இருக்கிறாள், கேட்டது கேட்டபடி. அவள் இருமுகிறாள்; வீட்டுக்குள் இன்னொருவரின் சத்தம் கேட்கிறது. நான் குசினியில் நிற்கிறேன். [மார்க்கண்டு நிற்கிறார்.]

உங்களுக்குப் பிடித்த முடிவைப் போட்டுக்கொள்ளுங்கள், குறுக்கே வரமாட்டேன். ஆனால் அவசரப்படாதீர்கள். அவள் இப்போதுதான் வந்தாள்.